கொழும்பு 6, கொழும்பு 13

கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளவத்தை (கொழும்பு 6) என்பார், அல்லது கொட்டாஞ்சேனை (கொழும்பு 13) என்பார். கேட்டவர் அத்தோடு விடமாட்டார். "அது சரி, சொந்த ஊர்?" என்பார். கலியாணம் பேச வந்தவரும் இப்படித்தான் கேட்பார். போர்க்காலத்தில் சோதனைச்சாவடியில் நின்ற பொலிஸ்காரரும் இப்படித்தான் கேட்டார். பாட்டனார் விட்டுவந்த கிராமத்தின் பெயரைச் சொன்னால்தான் கேட்டவருக்குத் திருப்தி.

நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாகத் தமிழர் கோயில் கட்டி, பள்ளிக்கூடம் நடத்தி, பத்திரிகை அச்சடித்து, பிள்ளை பெற்று, செத்தவரை எரித்தும் புதைத்தும் வாழ்ந்த இடங்கள் இவை. இவற்றை இன்னும் தங்கல்மடமாகவே எண்ணும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது, அரசிடமும் இருக்கிறது. அந்த வழக்கம் தவறு. அதனால் பலர் உயிரும் உடைமையும் இழந்திருக்கிறார்கள்.

கொழும்பின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரம். அதற்குச் சற்றுத் தெற்கே, துறைமுகத்தைப் பார்த்தபடி மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலம் கொட்டாஞ்சேனை. அங்கிருந்து புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று கரையோரமாகத் தெற்கே இறங்கினால் ஒரு கால்வாய்ப் பாலம் வரும். அதைத் தாண்டியதும் வெள்ளவத்தை. அடுத்த கால்வாய், தெஹிவளைப் பாலத்தடியில், அதன் தெற்கு எல்லை. நகரத்தின் கடலோரத்து இரு அந்தங்களிலும் இரண்டு தமிழ் ஊர்கள்.

இரண்டையும் உள்ளால் இணைப்பது தண்ணீர். ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கி ஆங்கிலேயர் காலத்தில் நீண்ட கால்வாய் வலை கொழும்பின் முதுகுப்புறமாக ஓடுகிறது: வடக்கே சென்ற் செபஸ்தியன் கால்வாய், பிறகு தெமட்டகொடை, கிருலப்பனை, கடைசியில் வெள்ளவத்தையும் தெஹிவளையும். தாழ்நிலமான இந்த நகரத்தில் விழும் மழைநீரின் ஒரு பகுதி வடக்கே களனிக்குப் போகிறது, மற்றொரு பகுதி வெள்ளவத்தைக் கால்வாய் வாயால் கடலில் விழுகிறது. அந்த வாயை அலை மணலால் மூடும். மணலை வெட்டிவிட வேண்டும். வெட்டத் தவறினால் மழைக்காலத்தில் நகரத்தின் உட்புறத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கும்.

கடலோடு இவ்விரு ஊர்களுக்கும் உள்ள உறவு ஒன்றல்ல. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் ஐந்து நிமிடத்தில் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். மரீன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தைக் கடந்து, கற்பாறைகளின் மேல் நின்றால் எதிரே வேறொன்றும் இல்லை. கொட்டாஞ்சேனையிலோ கடல் இருக்கிறது என்பதைக் கப்பலின் ஊதல் சொன்னால்தான் உண்டு. மேட்டுத் தெருக்களின் இடைவெளியில் பாரந்தூக்கிகளின் தலை தெரியும். கரை முழுவதும் துறைமுக மதிலுக்கு உள்ளே. வட கொழும்புப் பிள்ளைகள் மணலில் கால் வைக்க வேண்டுமானால் மட்டக்குளியின் காக்கைத்தீவுக்குத்தான் போகவேண்டும்.

துறைமுகம் தின்ற கரை

1875 டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் வைத்தார். பத்தாண்டில் சுவர் முடிந்தது. அதுவரை பெரிய கப்பல்கள் ஒதுங்கிய காலித் துறைமுகம் தன் இடத்தை இழந்தது. கொழும்பு கீழைக்கடலின் நிலக்கரித் துறையாயிற்று. கரி ஏற்றவும் சரக்கு இறக்கவும் ஆள் வேண்டியிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். துறைமுகத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் அவர்கள் குடியிருந்த இடங்கள்தான் கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம்.

வசதி படைத்தவர்கள் அதே காலத்தில் அங்கிருந்து கிளம்பினார்கள். 1851-இல் முகத்துவாரத்தில் தொடங்கிய சென்ற் தோமஸ் கல்லூரி, துறைமுகக் கரித்தூளைத் தாங்கமாட்டாமல் 1918-இல் கல்கிசைக்குப் போய்விட்டது. பங்களாக்கள் தெற்கே கறுவாத்தோட்டப் பக்கம் நகர்ந்தன. கரியும் வியர்வையும் மட்டும் வடக்கே நின்றன. இன்றுவரை கொழும்பு வடக்குக்கும் கொழும்பு தெற்குக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் கொட்டாஞ்சேனை கூலிகளின் குடியிருப்பாக மட்டும் இருந்ததில்லை. இலங்கையின் சமய வரலாற்றை இந்த ஒரு மேட்டிலிருந்து எழுதிவிடலாம். ஆதிருப்பள்ளத்தில் ஒல்லாந்தர் 1749-இல் கட்டத் தொடங்கி 1757-இல் திறந்த வுல்வென்டால் தேவாலயம். சற்று அப்பால் கத்தோலிக்கரின் சாந்த லூசியா பேராலயம். நடந்துபோகும் தூரத்தில் தீபதுத்தாராம விகாரை. கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர், அதற்கு எட்டிப்பார்க்கும் தொலைவில் அந்தோனியார்.

1857-இல் பொன்னம்பல முதலியார் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907-க்கும் 1912-க்கும் இடையில் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். கொழும்பின் ஈரக்காற்றிலும் துறைமுகப் புகையிலும் கறுத்து நிற்கும் அந்தக் கற்றூண்களின் நடுவே நின்றால் ஒன்று புரியும்: ஊருக்குத் திரும்பிப் போகும் எண்ணத்தோடு ஒருவர் இப்படிக் கட்டமாட்டார்.

அந்தோனியார் கோயிலின் கதையோ கடலிலிருந்தே தொடங்குகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம். கடல் கரையை அரித்து மீனவர் குடிசைகளை விழுங்கிக்கொண்டு வந்தது, மறைந்து வாழ்ந்த அந்தோனி என்ற குருவானவர் மணலில் சிலுவை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது, அதனால் அவருக்கு அங்கே இருக்க இடம் கிடைத்தது. மரபுவழிக் கதைதான். ஆனால் களனி கொண்டுவரும் மணலும் பருவக்காற்றும் மாறி மாறிக் கரையை வளர்த்துத் தேய்க்கும் இந்தக் கடற்கரையில் அந்தக் கதை பிறந்தது வியப்பில்லை. செவ்வாய்க்கிழமைகளில் இந்துவும் பௌத்தரும் முஸ்லிமும் அங்கே மெழுகுதிரி ஏற்றுவார்கள்.

சமயங்கள் அடுத்தடுத்து நின்றதால் எப்போதும் சமாதானம் இருந்தது என்று சொல்லமாட்டேன். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தாராமத்துக்குப் போன பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கரால் தாக்கப்பட்டுக் கலவரமாயிற்று. விகாரையின் தேரர் மீகெட்டுவத்தே குணானந்தர், 1873-இல் பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவப் போதகர்களை எதிர்த்து நின்றவர். கலவரத்துக்கு நியாயம் கேட்டு பௌத்தர் சார்பில் 1884-இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஒல்கொட் லண்டன் போனார். 1885-இல் வெசாக் விடுமுறை கிடைத்தது. பௌத்தக் கொடி முதன்முதலாக அந்த விகாரையில்தான் ஏற்றப்பட்டது. சிங்கள பௌத்த மறுமலர்ச்சியின் ஒரு தொட்டில், தமிழர் நிறைந்த இந்த மேட்டில் இருக்கிறது. பாடப்புத்தகங்களில் இதை ஏன் ஒரே பக்கத்தில் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

சரியாக 136 ஆண்டுகள் கழித்து இன்னோர் உயிர்த்த ஞாயிறு. 2019 ஏப்ரல் 21 காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை நேரத்தில் குண்டு வெடித்தது. அதே காலையில் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் வெடித்த குண்டுகளோடு சேர்த்து நாட்டில் 250-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொச்சிக்கடையில் இறந்தவர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஜூன் 13 திருவிழாவுக்கு முன்பே கோயில் மறுபடி திறக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்குள் ஒரு கோயிலைத் திருத்திவிடலாம். ஆனால் யார் அனுமதித்தார், யார் அறிந்தும் தடுக்காமல் இருந்தார் என்ற கேள்விக்கு முழு விடை கேட்டு அந்தக் குடும்பங்கள் இன்னும் நிற்கின்றன.

எழுத்தர்களின் தெற்கு

வெள்ளவத்தை வேறு வழியில் தமிழாயிற்று. ரயில் முதலில் வந்தது. கொழும்பிலிருந்து கரையோரமாகத் தெற்கே நீண்ட பாதை 1894-இல் காலியைத் தொட்டது. தென்னந்தோப்புகளும் மணலும் கிடந்த வெள்ளவத்தை நிலையம் உள்ள புறநகராயிற்று. 1905-இல் வடக்கு ரயில் பாதை காங்கேசன்துறை வரை நிறைவடைந்தபோது யாழ்ப்பாணத்து ஆங்கிலப் படிப்புக்கும் கொழும்பு அரச அலுவலகத்துக்கும் நேர்வழி திறந்தது. கிளாக்கர்மார், ஆசிரியர்மார், கணக்காளர், வைத்தியர். அவர்கள் பறங்கியர் வீடுகளை வாடகைக்கு எடுத்தார்கள், பிறகு வாங்கினார்கள். ஹம்டன் ஒழுங்கை, பிரான்சிஸ் வீதி, அலெக்சாந்திரா வீதி, மனிங் பிளேஸ் என்ற பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, முற்றத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டார்கள். இராமகிருஷ்ண மிஷன் வந்தது, அதன் பெயரில் ஒரு வீதியும் ஆயிற்று. சைவ மங்கையர் வித்தியாலயம் வந்தது. 1942-இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57-ஆவது ஒழுங்கையில் நிலைகொண்டது.

ஆனாலும் வெள்ளவத்தையை வெறும் உத்தியோகத்தர் ஊர் என்று எழுதினால் அது பாதி வரலாறு. ஹெவ்லொக் வீதிப் பக்கம் இருந்த வெள்ளவத்தை நெசவாலையில் பெருந்தொகையான தொழிலாளர் மலையாளிகள். 1933-இல் அவர்கள் செய்த வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் பிறப்புச் சான்றிதழ். கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளைஞர்கள் அதில் இறங்கினார்கள். அதுவரை தொழிலாளர் தலைவராயிருந்த ஏ. ஈ. குணசிங்க எதிர்ப்புறம் நின்றார். இரண்டாண்டில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அதன் பின்னர் மலையாளிகளுக்கு எதிரான பிரசாரம் வலுத்தது. 1939-இல் அரசு தன் நாட்கூலி இந்தியத் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கியது. அந்த ஆண்டு நேரு கொழும்புக்கு வந்ததும், இலங்கை இந்தியக் காங்கிரஸ் அமைந்ததும் அதன் விளைவு. கொட்டாஞ்சேனையின் துறைமுகக் குடும்பங்களையும் வெள்ளவத்தையின் ஆலைக் குடும்பங்களையும் ஒரே அச்சம் பிடித்தது. நெசவாலை நின்ற நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிட்டி கோபுரங்கள் நிற்கின்றன. வேலைநிறுத்தத்தைப் பற்றி அங்கே ஒரு பலகையாவது வைக்கலாம்.

வெள்ளவத்தையின் பெயர் உலக இலக்கியத்தில் ஏறியது வேறொரு காரணத்தால். 1929-30 காலத்தில் சிலி நாட்டின் தூதரக அதிகாரியாகக் கொழும்பில் இருந்த பாப்லோ நெரூதா, வெள்ளவத்தைக் கடலோரத்து பங்களா ஒன்றில் தனியாக வாழ்ந்தார். அவர் கவிதை அங்கே முதிர்ந்தது என்று இலக்கியவாதிகள் பெருமையோடு சொல்லிவந்தோம். ஆனால் அவர் இறந்தபின் 1974-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில், தன் வீட்டு மலசலக்கூட வாளியை நாள்தோறும் எடுத்துப்போன தமிழ்ப் பெண்ணைத் தான் வலுக்கட்டாயமாகப் படுக்கைக்கு இழுத்துச் சென்றதை அவரே எழுதியிருக்கிறார். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை என்றும், தன்னை அவள் வெறுத்தது சரிதான் என்றும் எழுதியிருக்கிறார். அவளுடைய பெயரை அவர் எழுதவில்லை. 2018-இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோது சிலி நாட்டுப் பெண்கள் இந்த வெள்ளவத்தைப் பெண்ணை முன்வைத்தே எதிர்த்தார்கள். சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம அவளைப் பற்றி 'அல்பொராதா' என்ற படத்தை எடுத்தார்.

நாம் என்ன செய்தோம்? கொழும்பைத் துப்புரவாக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அவளும் அவள் உறவினரும். எழுத்தர்களும் வைத்தியர்களும் ஒழுங்கைகளில் குடியேறிய அதே நாட்களில் பின்கதவால் வந்து வாளியெடுத்துப் போனவர்கள். வெள்ளவத்தைத் தமிழரின் வரலாற்றை யாராவது முழுதாக எழுதினால், முதல் அத்தியாயத்தில் அவளுக்கு இடம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எரிந்த வீதி

1958-இல் கொழும்பில் தமிழர் தாக்கப்பட்டபோது, பள்ளிக்கூட முகாம்களில் இருந்தவர்களைக் கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். 1977-இல் மீண்டும். 1983 ஜூலை 24 இரவு பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய தீ மறுநாள் திங்கட்கிழமை காலி வீதி நெடுக வந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடிய கும்பல்கள். அடையாளம் கண்ட கடைகள் எரிந்தன. பம்பலப்பிட்டிக் கோயில் மண்டபங்களும் இரத்மலானை விமான நிலையமும் முகாம்களாயின. லங்கா கல்யாணி கப்பல் மறுபடியும் மக்களை வடக்கே ஏற்றிச் சென்றது.

மூன்று தடவையும் அரசுக்குத் தோன்றிய தீர்வு ஒன்றுதான்: கப்பலில் ஏற்றி "ஊருக்கு" அனுப்புவது. உயிர் தப்ப அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் மூன்று தலைமுறையாக இருந்த துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கு வடக்கே எந்த ஊர் இருந்தது? வெள்ளவத்தையில் பிறந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணம் ஓகஸ்ட் விடுமுறையில் பார்த்த பெரியம்மா வீடு மட்டுமே. அதே நாட்களில் சிங்கள அயலவர் வீட்டு அறைகளில் ஒளிந்திருந்து தப்பியவர்களும் பலர். அந்த அயலவர்களுக்குத் தெரிந்திருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஊர்க்காரர் என்று.

செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்குக் காலி வீதி வழியே போகும் ஆடிவேல் தேர் இந்த நகரத்தின் வடக்குத் தமிழையும் தெற்குத் தமிழையும் ஆண்டுக்கொருமுறை சேர்த்து வைத்தது. சிங்களப் பிள்ளைகளும் கரும்பு வாங்க வீதிக்கு வருவார்கள். 1983-க்குப் பின் அந்தத் தேர் சில காலம் வீதிக்கு வரவில்லை.

போன மக்கள் திரும்பினார்கள். திரும்பியதோடு, புதியவர்களும் வந்தார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு இடம்பெயர்ந்தபின், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்போர், வழக்குக்கு வந்தோர், மகனைச் சிறையில் பார்க்க வந்த தாய்மார் எல்லோரும் வெள்ளவத்தை அறைகளிலும் கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலும் தங்கினார்கள். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் இரவில் உறங்க முடியவில்லை. சட்டத்தரணி குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5-இல் வெள்ளவத்தையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பாராளுமன்ற உறுப்பினர் தி. மகேஸ்வரன் 2008 புத்தாண்டு நாளில் பொன்னம்பலவாணேசர் கோயிலில் வணங்க வந்த இடத்தில் சுடப்பட்டார். 2008-09 காலத்தில் கொழும்பிலும் அயலிலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமற் போன வழக்கு இன்னும் தாய்மார் மனதில் முடியவில்லை.

2007 ஜூன் 7 விடியற்காலை நடந்ததை மட்டும் தனியே சொல்லவேண்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளுக்குள் பொலிஸார் புகுந்து, கொழும்பில் இருக்கத் "தகுந்த காரணம்" சொல்லமுடியாதவர்கள் என்று 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடுத்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். தலைநகரில் இருக்கக் காரணம் கேட்கப்பட்ட அந்த விடியலில் கொழும்பு ஆறும் கொழும்பு பதின்மூன்றும் ஒரே பஸ்ஸில் ஏற்றப்பட்டன.

மாடிகள், புத்தகங்கள்

போர் முடிந்தபின் வெள்ளவத்தை மேல்நோக்கி வளர்ந்தது. ஒழுங்கைகளில் ஓட்டு வீடு இருந்த இடத்தில் தொடர்மாடி. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உழைத்த பணம் கொங்கிரீட்டானது. சீதனப் பேச்சில் காணி இருந்த இடத்துக்கு "வெள்ளவத்தையில் ஒரு பிளாட்" வந்தது. இரவானதும் காலி வீதியோரத்தில் யாழ்ப்பாண பஸ்கள் வரிசையாக நிற்கும், பனங்கட்டியும் கருவாடும் ஏறும் இறங்கும். மாடிகளுக்கேற்பக் கழிவுநீர்க் குழாய் வளர்ந்ததா, மரீன் டிரைவ் பக்கத்தில் எழும் சுவர்கள் உள்ளே இருக்கும் வீடுகளின் காற்றை மறிக்கின்றனவா என்று கேட்கவேண்டிய நேரம் இது. 2004 டிசம்பர் 26 காலை கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்டு இதே கரைத் தண்டவாளத்தில் வெள்ளவத்தையைக் கடந்துபோன ரயிலைத்தான் பெரேலியாவில் சுனாமி புரட்டியது. இந்தக் கரைக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது சில அடி உயரக் கற்கள். கட்டுவோரும் அனுமதி கொடுப்போரும் அதை நினைவில் வைக்கவேண்டும்.

கொட்டாஞ்சேனைக்கு அந்தப் பணம் அவ்வளவாக வரவில்லை. ஆனால் எழுத்து வந்தது. 1930 ஓகஸ்டில் தொடங்கிய வீரகேசரி நாளிதழ் பக்கத்துக் கிராண்ட்பாஸில் நிலைகொண்டது. 1902-இல் தோன்றிய விவேகானந்த சபை இன்றும் பிள்ளைகளுக்குச் சைவசமயப் பரீட்சை வைக்கிறது. 1966-இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை'யை டொமினிக் ஜீவா போர்க்காலத்தில் கொழும்புக்குக் கொண்டுவந்து, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து 2012 வரை நடத்தினார். தெற்கே வெள்ளவத்தையில் 'ஞானம்' இதழும் குமரன் புத்தக இல்லமும். பூபாலசிங்கம் புத்தகசாலையோ செட்டியார் தெருவிலும் காலி வீதியிலும் இரண்டு வாசல் திறந்து வைத்திருந்தது.

இத்தனை எழுத்து இருந்தும் இவ்விரு ஊர்களின் வரலாறு ஒரு நூலாக நம் கையில் இல்லை. கும்பாபிஷேக மலர்களில் கொஞ்சம், பாடசாலை ஆண்டு மலர்களில் கொஞ்சம், பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளில் கொஞ்சம், பழைய வீரகேசரிக் கட்டுகளில் கொஞ்சம். இணையத்தில் நூலகம் நிறுவனம் சேர்த்து வைத்திருக்கும் மலர்களைத் தேடினால் கிடைக்கும் தகவல்களே நம்மைத் திகைக்க வைக்கும். ஆனால் எழுதப்படாதது அதிகம். 1983-இல் இருபது வயதாயிருந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. எந்த ஒழுங்கையில் எந்தச் சிங்களக் குடும்பம், எந்த முஸ்லிம் குடும்பம் யாரை எத்தனை நாள் வைத்துக் காத்தது என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். துறைமுகத்தில் கரி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஜம்பட்டா வீதியிலும் புளூமெண்டலிலும் இன்னும் இருக்கிறார்கள். பாட்டனார் எந்தத் தோணியில், எந்த ஆண்டு வந்தார் என்று சொல்லக்கூடியவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரோ இருவரோதான். தமிழ்ச் சங்கமும் விவேகானந்த சபையும் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு இந்த ஆண்டே அந்த வீடுகளின் கதவைத் தட்டவேண்டும்.